உயரம் குறைந்தவர் முதல் பைக் வாங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் உயரம் 153 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி. நான் கியர் பைக் பழகத் தொடங்கியபோது என்னிடம் எல்லோரும் கேட்டதும், இப்போது விடுமுறை நாள்களில் என்னிடம் ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பதும் ஒரே கேள்விதான்: "கால் எட்டுமா?" கேள்வி நியாயமானது. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் கால் தரையில் எட்ட வேண்டியதில்லை. சிக்னலில் நிற்கிற நொடி, நெரிசலில் ஊர்கிற பத்தடி, வாசலில் திருப்புகிற திருப்பம், நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் தள்ளுகிற தூரம் ஆகியவற்றில்தான் உயரம் குறைந்தவர் தடுமாறுகிறார். எனவே முதல் பைக்கை நெடுஞ்சாலையை நினைத்து வாங்காமல், அந்தச் சில மீட்டர்களை நினைத்து வாங்க வேண்டும் என்பதே கீழுள்ள விடைகள் அனைத்துக்கும் அடிப்படை. இங்கே தந்துள்ள அளவுகள் இந்தியாவில் விற்கப்படும் மாடல்களுக்கு உரியவை. ஒரே பெயரில் வரும் வண்டியிலும் பதிப்புக்குப் பதிப்பு சிறிது வேறுபாடு வரும் என்பதால், வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த உயரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது சாத்தியம்தானா?

சாத்தியம்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. இத்தனை அடி உயரம் இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஸ்பெயின் நாட்டுப் பந்தய வீரர் டானி பெட்ரோசா ஏறத்தாழ 160 செ.மீ. உயரம் உள்ளவர். 2003-இல் 125 சி.சி. பிரிவிலும், 2004, 2005 ஆண்டுகளில் 250 சி.சி. பிரிவிலும் உலகப் பட்டம் வென்று, பின்னர் மோட்டோ ஜிபி பிரிவில் 31 பந்தயங்களில் முதலிடம் பிடித்தார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டிகளை அவர் ஆண்டபோது கால் நீளம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பந்தயம் தொடங்கும் இடத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ள அவருக்கு மெக்கானிக்குகள் இருந்தார்கள். நமக்குப் பெட்ரோல் பங்கில் அப்படி யாரும் இல்லை என்பதுதான் வேறுபாடு.

சீட் உயரம் 785 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். என் காலின் உள் நீளம் 700 மி.மீ. தான். அப்படியானால் எட்டாது என்றுதானே பொருள்?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். அந்த எண், யாரும் உட்காராத நிலையில், தரையிலிருந்து சீட்டின் மிகத் தாழ்ந்த இடம் வரை அளந்தது. நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பரும் ஸ்பாஞ்சும் சற்று அமுங்கும்; உங்கள் எடையைப் பொறுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை இறங்கலாம். ஷூவின் அடிப்பாகம் இன்னும் இரண்டு சென்டிமீட்டரைத் தரும். மீதியைக் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தை ஊன்றுவதன் மூலம் எட்டலாம்.

இந்த எண்ணில் தெரியாத இன்னொன்று சீட்டின் அகலம். தொடைகள் விரிய விரியக் கால் தரைக்கு எட்டும் தூரம் குறைந்துகொண்டே போகும். முன்பக்கம், அதாவது டேங்கை ஒட்டிய இடம், ஒடுக்கமாக உள்ள 800 மி.மீ. சீட்டில் கால் ஊன்ற முடிகிறவர், அகலமான 780 மி.மீ. சீட்டில் விரல் நுனியில் நிற்க நேரலாம். ஆகவே விளம்பரத் தாளில் உள்ள எண்ணை வடிகட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்; முடிவை உட்கார்ந்து பார்த்து எடுங்கள்.

காலின் உள் நீளத்தை அளக்க, ஷூ இல்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே சைக்கிள் சீட்டைப் போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், அந்த அளவைவிடச் சீட் உயரம் 8 அல்லது 9 சென்டிமீட்டருக்கு மேல் கூடாமல், சீட் ஒடுக்கமாகவும் வண்டி இலேசாகவும் இருந்தால் பழகிக்கொள்ள முடிகிறது. அதற்கு மேல் போனால் முதல் வண்டியாக வேண்டாம்.

இரண்டு பாதங்களும் முழுவதும் தரையில் பதிய வேண்டாமா?

பதிந்தால் நல்லது; பதியாவிட்டால் ஓட்ட முடியாது என்று பொருளில்லை. நிற்கும்போது முறையான பழக்கமே இடது காலை மட்டும் ஊன்றுவதுதான், ஏனென்றால் வலது கால் பின் பிரேக்கில் இருக்க வேண்டும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது இதன் அருமை தெரியும்: இரண்டு காலையும் கீழே வைத்தவரின் வண்டி பின்னால் வழுக்கும், பிரேக்கை மிதித்திருப்பவரின் வண்டி அசையாது. உயரம் குறைந்தவர் நிற்பதற்குச் சற்று முன் இடுப்பைச் சீட்டின் இடப்பக்கமாக இரண்டு விரற்கடை நகர்த்திக்கொண்டால், விரல் நுனி மட்டும் தொட்ட இடத்தில் முன்பாதம் முழுவதும் பதியும். நான் அன்றாடம் செய்வது இதைத்தான்.

எந்தத் தரையில் நிற்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடப்படுகின்றன. இடது ஓரத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால், சக்கரம் தாரின் மேலும் பாதம் ஒரு சாண் பள்ளத்திலும் இருக்கும். தேடிய தரை அங்கே இல்லாமல் கால் கீழே போய்க்கொண்டே இருக்கும்போது வண்டியும் உடன் சாயும். நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை இப்படி நடந்தவைதான். வேகத்தடையின் மேல் முன்சக்கரம் ஏறிய நிலையில் நிற்பதும் இதே போன்ற கண்ணிதான். நிற்கும் இடத்தை ஐந்து மீட்டருக்கு முன்பே கண்ணால் தேர்ந்தெடுக்கும் பழக்கம் சீட் உயரத்தில் மூன்று சென்டிமீட்டரைக் குறைப்பதற்குச் சமம்.

உயரத்தைவிட எடை முக்கியம் என்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். நேராக நிற்கும் வண்டிக்குப் பலம் தேவையில்லை. 200 கிலோ வண்டியையும் ஒரு விரலால் நிறுத்தி வைக்கலாம். சாயத் தொடங்கியதும்தான் எடை கைக்கு வருகிறது. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலேயும், நாம் பிடிக்கும் ஹேண்டில்பார் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழேயும் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், 112 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்த நிலையில் அதைத் தாங்க ஏறத்தாழ 11 கிலோ விசை தேவை. 20 டிகிரி சாய்ந்தால் 24 கிலோ. 190 கிலோ வண்டியில் இவை ஏறத்தாழ 19 கிலோ, 40 கிலோ என்று ஆகிவிடும்.

உயரமானவரின் பாதம் எப்போதும் தரையில் இருப்பதால் அவர் மூன்று நான்கு டிகிரியிலேயே சாய்வைத் தடுத்துவிடுகிறார். நம் பாதம் தரையைத் தொடுவதற்குள் வண்டி கூடுதலாகச் சாய்ந்துவிடுகிறது. அதாவது கால் குட்டையானவர் அதே வண்டியின் எடையை அதிகமான கோணத்தில், அதுவும் முன்பாதத்தில் நின்றபடி சந்திக்கிறார். சீட் உயரம் குறையாவிட்டாலும் எடை குறைந்தால் நாம் பிழைத்துக்கொள்வது இதனால்தான். 155 செ.மீ.க்குக் கீழே உள்ள புதியவருக்கு 125 கிலோவுக்குள்ளும், 160 செ.மீ. வரை உள்ளவருக்கு 140 கிலோவுக்குள்ளும் முதல் வண்டி இருப்பது நல்லது என்பது என் தீர்மானம். இது சட்டமோ நிறுவனங்களின் விதியோ அல்ல, சொல்லிக்கொடுத்துக் கண்டது.

பெட்ரோலும் எடைதான் என்பதை மறக்க வேண்டாம். 15 லிட்டர் டேங்க் நிரம்பினால் 11 கிலோ கூடுகிறது, அதுவும் வண்டியின் மேற்பகுதியில். பழகும் வாரங்களில் பாதி டேங்குக்கு மேல் நிரப்பாமல் இருப்பது உண்மையிலேயே உதவும்.

அப்படியானால் எந்த மாடல்களைப் போய்ப் பார்க்கலாம்?

முதலில் ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸைப் பாருங்கள் என்பேன். சீட் உயரம் 785 மி.மீ., எடை 112 கிலோ, முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 1236 மி.மீ. இந்தக் கடைசி எண்ணை யாரும் கவனிப்பதில்லை. அது குறைவாக இருந்தால் குறுகிய தெருவில் கால் ஊன்றாமல் ஒரே வீச்சில் திரும்பிவிடலாம், கால் ஊன்ற நேராததே நமக்குப் பெரிய உதவி. மேலும் இதன் செயின் முழுவதும் மூடப்பட்டிருப்பதால் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சிக்கும் ஆபத்து குறைகிறது. ஆயினும் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளாமல் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. அலுவலக வாசலில் வரிசையாக நிற்கும் வண்டி என்பதற்காகச் சிலர் இதை வேண்டாம் என்கிறார்கள். அந்த எண்ணிக்கைதான் அதன் பலம்: எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், விழுந்து வளைந்த கியர் லீவரை எந்த மெக்கானிக்கும் நிமிர்த்தித் தருவார்.

இன்னும் இலேசானது வேண்டுமென்றால் ஹோண்டா ஷைன் 100 இருக்கிறது: 786 மி.மீ., 99 கிலோ. நூறு கிலோவுக்குள் ஒரு முழுமையான கியர் பைக் என்பது 45 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். 125 சி.சி.யில் டிவிஎஸ் ரைடர் 780 மி.மீ., 123 கிலோ. ஓசூரில் தயாராகும் இந்த வண்டியின் இழுவை மற்ற இரண்டையும்விட நன்றாக இருக்கும், நகருக்கு வெளியே தினமும் போய்வருகிறவருக்குப் பொருந்தும். 150 சி.சி. வேண்டும் என்பவர் யமஹா எஃப்இசட்-எஸ் வண்டியில் உட்கார்ந்து பார்க்கலாம்: 790 மி.மீ. உயரமும் ஏறத்தாழ 136 கிலோ எடையும் கொண்டது. டேங்க் பெரியதாகத் தெரிந்தாலும் முழங்கால் பதியும் இடம் ஒடுக்கமாக இருக்கிறது.

சின்ன வண்டி என்றாலே தாழ்வான வண்டி என்று எண்ணிவிட வேண்டாம். பஜாஜ் பிளாட்டினா 100-இன் சீட் 807 மி.மீ. உயரம். எடை 117 கிலோதான், மேடுபள்ளத்தில் சொகுசாகப் போகும், ஆனால் ஐந்தடிக்காரருக்கு முதல் நாளிலேயே பயத்தைத் தரக்கூடும். 822 மி.மீ. உயரமுள்ள கேடிஎம் 200 டியூக், 825 மி.மீ. உயரமுள்ள ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்றவற்றை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீட் தாழ்வாக உள்ள குரூசர் வண்டிதான் குட்டையானவர்களுக்கு ஏற்றது என்று ஷோரூமில் சொன்னார்கள். சரியா?

பாதி சரி. பஜாஜ் அவெஞ்சர் 220-இன் சீட் 737 மி.மீ. தான், ஐந்தடி உயரமுள்ளவருக்கும் இரு பாதங்களும் ஏறக்குறைய முழுவதும் பதியும், அந்த நிம்மதி பெரியது. ஆனால் எடை 163 கிலோ, சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 1490 மி.மீ. ஸ்பிளெண்டரைவிட ஒரு சாணுக்கு மேல் நீளம். தெருமுனையில் திரும்பும்போது வெளிப்பக்கக் கைப்பிடி நம் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். கால் குட்டையானவருக்குக் கையும் பெரும்பாலும் குட்டைதான் என்பதை இந்த வண்டிகளைப் பரிந்துரைப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கால் வைக்கும் கட்டையும் முன்னால் தள்ளி இருப்பதால், பின் பிரேக்கை முழுவதும் மிதிக்கக் காலை நீட்ட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீட்ட வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். நீட்ட வேண்டாம், உங்கள் தெரு அகலமானது, ஓரளவு உடல் வலுவும் உண்டு என்றால் தாராளமாக வாங்கலாம்.

எனக்கு புல்லட் ஓட்டத்தான் ஆசை. நேரடியாக அதையே வாங்கினால் என்ன?

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட், 1955 முதல் சென்னையோடு சேர்ந்து வளர்ந்த வண்டி; அதன் மேல் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் புல்லட் 350, கிளாசிக் 350 இரண்டுக்கும் சீட் 805 மி.மீ., எடை 195 கிலோ. மேலே சொன்ன கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். அதே நிறுவனத்தின் மீட்டியோர் 350 சீட் 765 மி.மீ., எடை 191 கிலோ. ஹண்டர் 350 சீட் 790 மி.மீ., எடை 181 கிலோ. ஓராண்டு இலேசான வண்டியில் ஓடி, எட்டுத் திசையிலும் திருப்பப் பழகியபின் இவற்றில் ஒன்றுக்குப் போகிறவர்கள் சிரமப்படுவதில்லை. இதை என் நட்டத்திலிருந்து சொல்கிறேன்: நான் முதலில் வாங்கியது 180 கிலோவுக்கு மேற்பட்ட, பழைய வண்டி ஒன்று. நான்கு மாதத்தில் 600 கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. நிறுத்த இடம் கிடைக்குமா, திருப்ப இடம் இருக்குமா என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு காலையும் பேருந்தில்தான் போனேன்.

ஷோரூமில் எதைச் சோதிக்க வேண்டும்?

பழகப்போகும் ஷூவை அணிந்து செல்லுங்கள். காட்சிக்கு வைத்த வண்டி பெரும்பாலும் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். அப்போது பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருப்பதால் சீட் உண்மையைவிட உயரமாக இருக்கும். அதில் ஏறிப் பார்த்து மனம் தளர்ந்து திரும்பியவர்கள் உண்டு. ஸ்டாண்டை எடுக்கச் சொல்லித் தரையில் நிறுத்தி உட்காருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியை உட்கார்ந்த நிலையில் உங்கள் பலத்தால் நிமிர்த்துங்கள். பிறகு இறங்கி, இடப்பக்கம் நின்று, வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளித் திருப்பி நிறுத்துங்கள். ஷோரூம் வாசலில் சரிவு இருந்தால் அதன் மேலும் செய்து பாருங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டு வாசலிலும் அது இருக்கப்போகிறது. சென்டர் ஸ்டாண்டு போடவும் முயலுங்கள். இது கைப்பலத்தைவிட, ஸ்டாண்டின் கம்பியில் உடல் எடை முழுவதையும் காலால் இறக்கும் வேலை என்பதால் இலேசானவர்களுக்கு உத்தி பிடிபட இரண்டு மூன்று முறை ஆகும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, தோளை முன்னால் இழுக்காமல் வெளிக்கைப்பிடி எட்டுகிறதா என்றும் பாருங்கள். விற்பனையாளர் பொறுமை இழந்தாலும் நீங்கள் இழக்க வேண்டாம். ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டியில் பெட்ரோல் சொட்டளவே இருக்கும் என்பதால், நாளைக்கு உங்கள் வண்டி அதைவிடச் சற்றுக் கனமாக இருக்கும்.

வாங்கிய வண்டியின் உயரத்தைக் குறைக்க முடியுமா?

முடியும். எளிதானதும் ஆபத்தில்லாததும் சீட்டைச் செதுக்குவது. ஊர்தோறும் உள்ள சீட் கவர் கடைகளில் உறையைப் பிரித்து ஸ்பாஞ்சை வெட்டித் தருவார்கள். உயரத்தை மட்டும் குறைக்கச் சொல்லாமல், டேங்கை ஒட்டிய முன்பகுதியின் இரு ஓரங்களையும் சரிவாகச் சீவச் சொல்லுங்கள்; மேலே இரண்டு சென்டிமீட்டர் வெட்டுவதைவிட ஓரம் சீவுவதில் கால் அதிகம் இறங்கும், உட்காருமிடத்தின் மெத்தையும் கெடாது. கடையில் நீங்களே வண்டியில் உட்கார்ந்து, சிறிது சிறிதாக வெட்டச் சொல்லிப் பாருங்கள். சில வண்டிகளுக்கு நிறுவனமே தாழ்வான சீட் தருகிறது: 825 மி.மீ. உயரமுள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு 805 மி.மீ. அளவில் ஒன்று உண்டு.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைக் குறைப்பது. இரட்டை ஷாக் உள்ள வண்டிகளில் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்கும். அதைக் கடைசித் தளர்வில் வைத்தால் உட்காரும்போது இன்னும் சற்று அமுங்கும். பின்னால் ஆள் ஏற்றும்போது பழையபடி இறுக்கிவிட வேண்டும்.

முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களை, மேலே ஏற்றிக் கட்டுவது, குட்டையான ஷாக் போடுவது, சிறிய சக்கரம் மாற்றுவது ஆகியவற்றை நான் புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி திரும்பும் குணம் மாறும். வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கும். இன்னொன்றைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: வண்டி தாழ்ந்தபின் பழைய சைடு ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடும். வண்டி அதன் மேல் போதிய சாய்வின்றி விறைப்பாக நின்று, காற்றுக்கோ ஒரு தட்டலுக்கோ வலப்பக்கம் விழும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஷூ, கையுறை, லீவர் ஆகியவற்றில் கவனிக்க ஏதேனும் உண்டா?

கணுக்காலை மூடும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வாங்குங்கள். செருப்பில் ஓட்டும்போது, முன்பாதத்தில் நிற்கிற நமக்கு ஈரத் தரையில் வழுக்கினால் மீள வழியில்லை. ஹீல்ஸ் கால் கட்டையில் மாட்டும். சிறிய கை உள்ளவர்கள் கிளட்ச் லீவரை விரல் நுனியால் பிடித்து இழுப்பதைப் பார்க்கிறேன். கேபிளின் தளர்வை மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்தால், கிளட்ச் பிடிக்கும் இடம் கைப்பிடிக்கு அருகில் வரும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் கிளட்ச் முழுவதும் விடுபடாமல் கியர் முரண்டும் என்பதால், கைப்பிடியைப் பிடித்துக் காட்டி அளவாகச் செய்யச் சொல்லுங்கள். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவே இருக்கட்டும்.

ஸ்கூட்டர் வாங்கினால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லையே?

கிளட்ச் இல்லை என்பது உண்மை. ஆனால் ஹோண்டா ஆக்டிவாவின் சீட்டும் 764 மி.மீ. இருக்கிறது, அதுவும் அகலமானது. கால் பலகையைச் சுற்றிக் காலை விரிக்க வேண்டியிருப்பதால் சிலருக்கு அது ஸ்பிளெண்டரைவிடக் கடினமாக இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: கியர் இல்லாத வண்டியில் தேர்வு கொடுத்துப் பெற்ற உரிமம் கியர் பைக்குக்குச் செல்லாது. பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால் தேர்வையும் கியர் வண்டியிலேயே கொடுங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போடும்போது கால் எட்டாவிட்டால் என்ன செய்வது?

எட்டுப் போடும்போது கால் ஊன்றவே கூடாது, ஊன்றினால் தேர்ச்சியில்லை. ஆகவே அந்தத் தேர்வில் உயரமானவரும் நீங்களும் சமம். எல்.எல்.ஆர். எடுத்த 30 நாள்களுக்குப் பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும். அது ஆறு மாதம் செல்லும். அந்த முதல் முப்பது நாளை முழுவதும் எட்டுக்கே கொடுங்கள்.

காலி மைதானத்தில் இரண்டு செங்கற்களை ஆறேழு மீட்டர் இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர், கிளட்ச் பாதி பிடித்த நிலை, ஆக்சிலரேட்டர் ஒரே அளவில், வேகத்தைக் குறைக்கப் பின் பிரேக் மட்டும். செங்கல்லைப் பார்க்காமல், அதைத் தாண்டி அடுத்துப் போகப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் வண்டி திரும்பும். வண்டி உள்ளே விழுவதுபோல் தோன்றும்போது கால் தானாகவே கட்டையைவிட்டுக் கிளம்பும். அப்போது காலை இறக்காமல் கிளட்ச்சை ஒரு மயிரிழை விட்டுப் பாருங்கள், வண்டி நிமிரும். அந்த நிமிர்வை ஒருமுறை உணர்ந்தவர் அதன்பின் "கால் எட்டுமா" என்று கேட்பது குறைந்துவிடுகிறது. முன் பிரேக்கை இந்த வேகத்தில், ஹேண்டில்பார் திரும்பிய நிலையில் தொடாதீர்கள். நிற்கப்போகும் கடைசி நொடியில் ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டுத்தான் நிற்க வேண்டும். திரும்பிய ஹேண்டில்பாரோடு முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும்.

பின்னால் ஆள் ஏற்றலாமா?

முதல் மூன்று மாதம் வேண்டாம். பிறகு ஏற்றும்போது, நீங்கள் முன் பிரேக்கைப் பிடித்து இரு கால்களையும் ஊன்றி, "ஏறலாம்" என்று சொன்ன பின்பே அவர் ஏற வேண்டும். சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்காரும்போது எடை இடப்பக்கம் இழுக்கும். கனமானவராக இருந்தால் தயக்கமின்றி மறுத்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குவது நல்லதா?

முதல் வண்டிக்கு நல்லது. ஒரு கீறலுக்கு மனம் உடையாது. முன்பிருந்தவர் உயரமான ஷாக்கோ தடித்த சீட்டோ மாற்றியிருக்கிறாரா, சைடு ஸ்டாண்டு தேய்ந்து வண்டி அதிகமாகச் சாய்கிறதா என்று கூடுதலாகப் பாருங்கள். அதிகமாகச் சாயும் வண்டியை நிமிர்த்துவது நமக்கு இரட்டை வேலை.

வண்டி விழுந்துவிட்டால் என்னால் தூக்க முடியுமா?

முடியும், ஆனால் கையால் அல்ல. என் பழைய கனமான வண்டி ஒருநாள் மாலை என் வீட்டு வாசல் சரிவிலேயே விழுந்தது. முன்சக்கரம் படியேறியிருந்தது, இடது காலை ஊன்றப் போன இடத்தில் வாய்க்கால் மூடியின் விளிம்பு தாழ்ந்திருந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, நானும் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தேன், அதில் மணிக்கட்டுதான் பிசகியது. வண்டி 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு ஒதுங்குங்கள். வளைந்த லீவரை மாற்றிவிடலாம்.

விழுந்த வண்டியின் சாவியை முதலில் அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டி வெளியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் விழும். கியர் விழுந்த நிலையில் இருந்தால் சக்கரம் உருளாது. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டின் ஓரத்தில் இடுப்பைப் பதித்து, ஒரு கையால் தரையை ஒட்டிய கைப்பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கிச் சிறு சிறு அடிகளாக நடந்து எழுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும், கையும் காலும் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலேசான வண்டி என்றால் ஒருவரே செய்துவிடலாம். வாங்கிய முதல் வாரத்தில், பழைய மெத்தை ஒன்றைத் தரையில் போட்டு, யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு வண்டியை மெதுவாகப் படுக்க வைத்து ஒருமுறை தூக்கிப் பழகிவிடுங்கள்.